அசைவைச் சொல்லும் லத்தீன் வேர்கள்: மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிப்பது பற்றி

#1 தென்றல்

பிசியோதெரபி முதலாண்டுக்கு அசைவுச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதுதான் வழக்கம். ஃப்ளெக்‌ஷன் மடக்கல், எக்ஸ்டென்ஷன் நீட்டல், அப்டக்‌ஷன் விலக்கல், அடக்‌ஷன் சேர்த்தல். எழுத்துத் தேர்வுக்கு இது போதும். ஆனால் அதே மாணவர் குரல்நாண் பற்றிய பாடத்தில் ‘அப்டக்டர்’ என்ற சொல்லைப் பார்த்ததும், இங்கே எது எதிலிருந்து விலகுகிறது என்று திகைத்துவிடுகிறார். ‘ரெகரன்ட்’ நரம்பு என்றால் அடிக்கடி வந்து போகும் நரம்பா என்று கேட்கிறார்கள். கணுக்காலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லத்தீன் வேரிலிருந்து தொடங்கினால் இது தெளியுமா? எத்தனை வேர் போதும், எந்த வரிசையில்? இரண்டு மூன்று வகுப்புக்குள் முடிய வேண்டும். மொழியியல் பாடமாக நீண்டுவிடக் கூடாது.

#2 நிலாமதி

தெளியும். ஆனால் வேரை ஒற்றை வடிவமாகச் சொல்லிக் கொடுத்தால் பாதிச் சொற்கள் கைநழுவும். லத்தீன் வினைக்கு நிகழ்கால அடி ஒன்று, இறந்தகால எச்ச அடி ஒன்று என இரண்டு முகம் உண்டு. மருத்துவச் சொற்கள் இரண்டிலிருந்தும் பிறக்கின்றன. அசைவுக்கு நான் முதலில் வைப்பவை இவை:

டூக்கெரே, டுக்டும்: நடத்திச் செல்லுதல்
ஃபெர்ரே, லாட்டும்: சுமந்து செல்லுதல்
வெர்ட்டெரே, வெர்சும்: திருப்புதல்
ஃப்ளெக்டெரே, ஃப்ளெக்சும்: வளைத்தல், மடக்குதல்
டெண்டெரே, டென்சும்: இழுத்து நீட்டுதல்
குர்ரெரே, குர்சும்: ஓடுதல்
மொவெரே, மோட்டும்: அசைத்தல்
கிராடி, கிரெஸ்ஸுஸ்: அடியெடுத்து வைத்தல்

இந்த எட்டில் ஃபெர்ரேதான் மிகவும் ஏமாற்றும். அஃபெரன்ட் (உள்ளே கொண்டுவருவது), எஃபெரன்ட் (வெளியே கொண்டுபோவது), வாஸ் டெஃபெரன்ஸ் (விந்துக் குழாய்) எல்லாம் முதல் அடியிலிருந்து வந்தவை. அப்லேஷன், ட்ரான்ஸ்லேஷன் இரண்டும் அதே வினையின் இரண்டாம் அடி. ஒலியில் துளியும் ஒற்றுமை இல்லாததால் யாரும் சொல்லாமல் தெரிய வராது. இதயத்தில் தவறான மின்பாதையைச் சுட்டு நீக்கும் கதீட்டர் அப்லேஷனில், ‘அப்’ அகற்றுதலையும் ‘லேட்’ எடுத்துச் செல்லுதலையும் குறிக்கின்றன.

அடுத்து விகுதி. வேரைவிட இதுதான் வகுப்பில் சீக்கிரம் பலன் தரும். ‘-ஓர்’ என்று முடிந்தால் செய்பவர் அல்லது செய்யும் உறுப்பு, இரண்டாம் அடியோடு சேரும்: ஃப்ளெக்சர், அடக்டர், டென்சர், ரொட்டேட்டர், லெவேட்டர். ‘-என்ஸ்’, ‘-என்ட்’ என்றால் ‘செய்கிற’ என்னும் பெயரெச்சம். முதல் அடியோடு சேரும்: அப்டியூசன்ஸ், டெஃபெரன்ஸ், ரெகரன்ட். ‘-இயோன்’ செயலின் பெயர். ஆறாவது கபால நரம்புக்கு அப்டியூசன்ஸ் என்று பெயர். ‘விலக்கிச் செல்கிற’ நரம்பு. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் தசைக்கு அது போகிறது. அது செயலிழந்தால் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கும். பெயரைப் பிரித்தவருக்கு இந்த அறிகுறியைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

#3 மருதன்

நிலாமதி சொன்னதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். வேர் எந்த அசைவு என்று சொல்கிறது, முன்னொட்டு எந்தத் திசை என்று சொல்கிறது. எதை வைத்து அந்தத் திசை என்பதை இரண்டுமே சொல்வதில்லை. உடற்கூறியலில் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ‘எதிலிருந்து, எதை நோக்கி’ என்ற கேள்வியை ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்க வைக்காவிட்டால், லத்தீன் தெரிந்தும் தவறுவார்கள்.

அப்டக்‌ஷனை எடுத்துக்கொள்வோம். தோளுக்கும் இடுப்புக்கும் ஆதாரக் கோடு உடலின் நடுக்கோடு. கைவிரல்களுக்கு அது நடுவிரலின் அச்சு. கால்விரல்களுக்கு இரண்டாம் விரலின் அச்சு. அதனால்தான் கையின் நடுவிரலுக்கு டார்சல் இன்டெராசியஸ் தசைகள் (எலும்புகளுக்கு இடையே புறங்கைப் பக்கம் உள்ளவை) இரண்டு இருக்கின்றன: தன் அச்சிலிருந்து அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அப்டக்‌ஷன்தான். அச்சை நோக்கிச் சேர்க்கும் பாமர் (உள்ளங்கைப் பக்க) இன்டெராசியஸ் அதற்குக் கிடையாது, தேவையும் இல்லை. காலில் இதே ஏற்பாடு இரண்டாம் விரலுக்கு. பெருவிரலோ தனி. கையின் பெருவிரல் மற்ற விரல்களுக்குச் செங்குத்தான தளத்தில் இருப்பதால், உள்ளங்கையை விட்டு நேராக முன்னால் எழுவதுதான் அதன் அப்டக்‌ஷன். பக்கவாட்டில் விரிப்பது எக்ஸ்டென்ஷன். செய்முறைத் தேர்வில் தவறாமல் பிடிபடும் இடம் இது.

குரல்நாண்களுக்கு ஆதாரம் அவற்றுக்கு இடையிலான இடைவெளி. அவை விலகினால் மூச்சு, சேர்ந்தால் குரல். விலக்கும் தசை ஒன்றே ஒன்றுதான், பின்புற கிரைக்கோஅரிட்டினாய்டு. அதற்கு நரம்பு தருவது ரெகரன்ட் லாரிஞ்சியல். தைராய்டு அறுவையில் இரண்டு பக்கமும் இந்த நரம்பு காயப்பட்டால் நாண்கள் நடுவை ஒட்டியே நின்றுவிடும். மயக்கத்துக்காகச் செருகிய செயற்கைச் சுவாசக் குழாயை வெளியே எடுத்த உடனே மூச்சு கீச்சிடும். சில நேரம் தொண்டையில் துளையிட வேண்டி வரும். ‘அப்டக்டர் ஒன்றுதான்’ என்பது உயிர்காக்கும் தகவல். வினாடி வினாவுக்கான துணுக்காக அதைக் கற்பிக்க வேண்டாம்.

அஃபெரன்ட், எஃபெரன்ட் சொற்களில் இந்த ஆதாரப் பிரச்சினை இன்னும் பளிச்சென்று தெரியும். ‘அட்’ நோக்கி, ‘எக்ஸ்’ வெளியே. அடுத்த மெய்யோடு இயைந்து ‘அஃப்’, ‘எஃப்’ ஆகின்றன. ஒரு நிணநீர்க் கணுவை விட்டு வெளியேறும் எஃபெரன்ட் குழாய், சங்கிலியில் அடுத்த கணுவுக்கு அஃபெரன்ட். குழாய் ஒன்றுதான், பெயர் இரண்டு. சிறுநீரகத்தில் ஆதாரம் குளோமெருலஸ், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உள்வரும் அஃபெரன்ட் நுண்தமனியை விரியவிடாமல் செய்கின்றன. எனாலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் வெளியேறும் எஃபெரன்ட்டைத் தளர்த்துகின்றன. இரண்டும் சேர்ந்தால் வரத்து குறைகிறது, வடிகால் திறக்கிறது, வடிகட்டும் அழுத்தம் விழுகிறது. நீரிழப்பு உள்ள முதியவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முன் ஏன் யோசிக்கிறார்கள் என்பது இந்த இரண்டு முன்னொட்டுகளிலேயே இருக்கிறது.

#4 தென்றல்

மருதன் ஐயா, கணுக்கால்? பாதத்தை மேலே தூக்குவது டார்சிஃப்ளெக்‌ஷன். ஆனால் அதைச் செய்கிற தசைகளில் இரண்டின் பெயர் எக்ஸ்டென்சர். மடக்குகிற வேலையை நீட்டுகிற தசை செய்கிறது என்றால் மாணவர்கள் எதை நம்புவது?

#5 மருதன்

இரண்டையும் நம்பலாம், பெயர் வைத்த அடிப்படை வேறு. எக்ஸ்டென்சர் டிஜிட்டோரம் லாங்கஸ், எக்ஸ்டென்சர் ஹாலூசிஸ் லாங்கஸ் இரண்டும் விரல்களை நீட்டுவதால் அப்படிப் பெயர் பெற்றன. கணுக்காலைக் கடந்து போவதால் அதையும் தூக்குகின்றன. உடற்கூறியல் கண்ணோட்டத்தில் பாதம் மேலெழுவது உண்மையில் எக்ஸ்டென்ஷன்தான். பாதத்துக்கும் முன்காலுக்கும் இடையிலான கோணம் குறுகுவதால் அதை ஃப்ளெக்‌ஷன் என்று அழைக்கும் பழக்கம் வந்தது. பாதத்தின் மேற்புறம் நோக்கிய மடக்கல் என்று தெளிவாக்கவே ‘டார்சி’ என்ற ஒட்டு.

வேர்க் காரணம் கருவில் இருக்கிறது. கை மொட்டு ஏறத்தாழ 90 பாகை வெளிப்பக்கம் சுழல்கிறது, கால் மொட்டு அதே அளவு உள்பக்கம். அதனால் முழங்கை முன்னோக்கி மடங்குகிறது, முழங்கால் பின்னோக்கி. கையில் பின்புறம் இருக்கும் நீட்டுதசைகள் காலில் முன்புறம் வந்துவிட்டன. பதிவேட்டில் கணுக்காலுக்கு வெறுமனே ஃப்ளெக்‌ஷன், எக்ஸ்டென்ஷன் என்று எழுதவே கூடாது. டார்சிஃப்ளெக்‌ஷன் 20 பாகை, பிளாண்டார்ஃப்ளெக்‌ஷன் (பாதத்தைக் கீழே அழுத்துவது) 50 பாகை என்று முழுப்பெயரோடு எழுதினால் படிப்பவர் யாரும் தடுமாற மாட்டார்.

#6 நிலாமதி

ரெகரன்ட் பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறது. ‘ரெ’ என்ற முன்னொட்டுக்கு இரண்டு பொருள்: பின்னோக்கி, மறுபடியும். நரம்புக்கும் தமனிக்கும் வரும்போது முதல் பொருள். நோய்க்கு வரும்போது இரண்டாவது. இடப்பக்க ரெகரன்ட் குரல்வளை நரம்பு வேகஸ் என்ற பத்தாவது கபால நரம்பிலிருந்து பிரிந்து, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலான பள்ளம் வழியாக மேலே திரும்பி ஓடுகிறது. வலப்பக்க நரம்பு சப்கிளேவியன் தமனியைச் சுற்றுகிறது. திரும்பி ஓடுவதால் ரெகரன்ட். இடது நரம்பு மார்புக்குள் இறங்கி ஏறுவதால்தான் நுரையீரல் வேர்ப்பகுதிக் கட்டியோ பெருந்தமனி வீக்கமோ உள்ளவருக்குக் குரல் கம்முகிறது.

தாய் நரம்பான வேகஸும் அசைவுப் பெயர்தான்: அலைந்து திரிவது. மண்டையோட்டிலிருந்து வயிறு வரை அதன் பாதையைப் படத்தில் பார்த்தவர்கள் பெயர் பொருத்தமென்று ஒப்புக்கொள்வார்கள்.

‘இன்’ முன்னொட்டும் இரட்டைதான். இன்ஜெக்‌ஷன், இன்வெர்ஷன் என்பவற்றில் ‘உள்ளே’. இன்சோம்னியா, இம்மொபைல் என்பவற்றில் ‘இல்லை’. வினையோடு சேர்ந்து செயலின் பெயராக வந்தால் பெரும்பாலும் ‘உள்ளே’, பண்பைச் சொல்லும் பெயரடையோடு வந்தால் ‘இல்லை’.

#7 ஆய்வக முகில்

மொவெரே பற்றி ஆய்வகத் தரப்பிலிருந்து. மோட்டைல், மொபைல் இரண்டையும் தமிழில் ‘நகரும்’ என்றே எழுதிவிடுகிறார்கள். மோட்டைல் என்றால் தானாக இயங்கக்கூடியது: விந்தணு, சவுக்கிழை உள்ள பாக்டீரியா, குடலின் இயக்கம். மொபைல் என்றால் வெளியிலிருந்து அசைத்தால் அசையக்கூடியது: ஆடும் பல், விரலால் தள்ளினால் நகரும் மார்பகக் கட்டி. கட்டி மொபைலா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது பரிசோதனையில் பார்க்கும் விஷயம். எந்தக் கட்டியும் மோட்டைல் ஆகாது. ஒன்றுக்கு ‘தன்னியக்கம்’, மற்றதற்கு ‘அசைபடும் தன்மை’ என்று பிரித்து வைத்துக்கொண்டால் தப்பலாம்.

விந்து அறிக்கையில் கிராடியும் வந்து சேர்கிறது. புரோகிரெசிவ் என்றால் ‘முன்னே அடியெடுத்து வைக்கிற’. ஓரிடத்திலேயே வால் துடிக்கும் அணுவும் மோட்டைல்தான், ஆனால் புரோகிரெசிவ் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பில் குறைந்தபட்ச ஒப்பீட்டு எல்லை மொத்த இயக்கத்துக்கு 42%, முன்னேறும் இயக்கத்துக்கு 30%. 2010 பதிப்பில் இவை 40, 32. எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் வீண் கவலைதான் மிஞ்சும். மாதிரி குளிர்ந்துபோனால் இயக்கம் பொய்யாகக் குறையும். சேகரித்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

நோய் திரும்புதலிலும் ஒரு நுட்பம். ரிலாப்ஸ் என்பதன் வேர் லாபி, வழுக்குதல். மலேரியாவில் இந்தச் சொல்லைக் கண்டபடி போடக் கூடாது. விவாக்ஸ், ஓவலே வகைகளில் கல்லீரலில் உறங்கும் வடிவங்கள் விழித்தெழுந்து வந்தால் மட்டுமே ரிலாப்ஸ். இரத்தத்தில் மிச்சம் இருந்தவை பெருகினால் ரெக்ருடெசன்ஸ். ரிலாப்ஸைத் தடுக்க பிரிமாகுவின் வேண்டும், அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். இரத்தநிலை மருந்தை எத்தனை முறை கொடுத்தாலும் கல்லீரலில் உறங்குவது போகாது.

#8 செவிலி கயல்

வெர்ட்டெரே ஸ்கேன் அறிக்கைகளில் தினமும் வரும் வேர். ரெட்ரோவெர்ட்டெட் கருப்பை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் நிறைய. வெர்ஷன் என்பது கருப்பைக் கழுத்துக்கும் யோனிக் குழாய்க்கும் இடையிலான சாய்வு. ஃப்ளெக்‌ஷன் என்பது கருப்பையின் உடற்பகுதிக்கும் அதன் கழுத்துக்கும் இடையிலான வளைவு. ஒரே கருப்பை முன்சாய்ந்து பின்வளைந்தும் இருக்கலாம். இரண்டையும் தமிழில் ‘திரும்பிய கருப்பை’ என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. ரெட்ரோவெர்ஷன் பெரும்பாலும் இயல்பான மாறுபாடு. ஆனால் கருத்தடைச் சாதனம் வைப்பவருக்குச் சாய்வும் வளைவும் இரண்டுமே தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கருவி சுவரைத் துளைக்கலாம்.

இன்வெர்ஷன் என்ற சொல்லில் கவனம் தேவை. பாதத்தில் அது உள்ளங்கால் உள்பக்கம் திரும்புவது; கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, முதலில் அடிபடுவது முன்புற டேலோஃபிபுலர் தசைநார். பிரசவத்துக்குப் பின் கருப்பை இன்வெர்ஷன் என்றால் உறுப்பே உள்ளது வெளியாகப் புரள்வது, நிமிடங்களில் செயல்பட வேண்டிய அவசரம். நஞ்சுக்கொடி பிரியும் முன் தொப்புள்கொடியை வலிந்து இழுப்பது இதற்கு ஒரு காரணம்.

திருப்புதலுக்கு லத்தீனில் நான்கு வினைகள் இருப்பதை மாணவர்களுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். வெர்ட்டெரே முகம் மாற்றுதல். வயிற்றின் மேலிருந்து கையால் குழந்தையின் தலையைக் கீழே கொண்டுவருவது எக்ஸ்டர்னல் செஃபாலிக் வெர்ஷன், 37ஆம் வாரத்தையொட்டிச் செய்வது. ரொட்டாரே அச்சில் சுழலுதல். டார்க்வெரே முறுக்குதல், விரை டார்ஷனில் காம்பு முறுக்கி இரத்தம் நிற்கும், சுமார் 6 மணி நேரத்துக்குள் விடுவித்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வால்வெரே உருளுதல், குடல் தன் மடிப்பைச் சுற்றிப் புரண்டால் வால்வுலஸ்.

#9 வல்லை

இலங்கைப் பக்கமிருந்து ஒரு செய்தி. வெஹெரே, வெக்டும் என்றால் ஏற்றிச் செல்லுதல். அதிலிருந்து வெக்டர். வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1840களில் கணிதத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் திசையன் அல்லது வெக்டர் என்பார்கள். எங்கள் உயர்தரக் கணிதத்தில் ‘காவி’. காவுதல் என்றால் சுமந்து செல்லுதல், லத்தீனின் பொருள் அப்படியே. வெப்பம் திரவத்தோடு சேர்ந்து போவதை நாங்கள் மேற்காவுகை என்கிறோம், அங்கே வெப்பச்சலனம். மேற்காவுகைக்கு மூலமான கன்வெக்‌ஷனும் வெஹெரேயின் பிள்ளை. மலேரியாவைக் கடத்தும் அனோஃபிலிஸ் நுளம்பும் வெக்டர்தான், அதுவும் காவுவதால். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் இது. வேரைப் பார்த்துச் சொல் ஆக்கும் பழக்கம் இங்கே நீண்ட காலமாக உண்டு.

மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி திருத்த நேரும் சொல் புரொசஸ். கேடெரே, போதல், புரொசெஸ்ஸுஸ், முன்னே போனது. எலும்பில் அது நீண்டு நிற்கும் பகுதி. காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு புரொசஸை ‘மாஸ்டாய்டு செயல்முறை’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘முனைப்பு’, ‘நீட்டம்’ இரண்டில் ஒன்று போதும். சீழ்க்கட்டியைக் குறிக்கும் அப்ஸஸும் இதே வேர்தான், ‘விலகிப் போனது’. கிரேக்கச் சொல்லை லத்தீனார் தங்கள் மொழிக்கு மாற்றிய வடிவம்.

#10 நிலாமதி

வல்லை, காவி அருமையான சொல். இங்கேயும் பாடநூலுக்கு வந்தால் மகிழ்வேன்.

வேர் தேடும்போது போலி உறவுகளையும் சொல்லிவிட வேண்டும். ‘லேட்’ என்று மூன்று உண்டு. அப்லேஷனில் வருவது சுமத்தல். ஃபேசியா லாட்டா (தொடையைச் சுற்றிய அகன்ற உறை), டைலட்டேஷன் (விரிதல்) ஆகியவற்றில் வருவது அகலம். லேட்டரலில் வருவது பக்கம். ‘போர்ட்’ இரண்டு: டிரான்ஸ்போர்ட் சுமப்பது, போர்ட்டல் சிரையோ கல்லீரலின் ‘வாயில்’ என்ற போர்ட்டாவிலிருந்து. பிளெக்சஸ் பின்னல், அதற்கும் ஃப்ளெக்‌ஷனுக்கும் உறவில்லை. ஒலியை வைத்து வேர் முடிவு செய்யாமல் அகராதியில் ஒரு முறை சரிபார்க்கும் பழக்கம் வேண்டும்.

#11 ஆய்வக முகில்

கிரேக்கத்தையும் இணையாகக் கொடுத்தால் என்ன? கினேசிஸ் (அசைவு), டிரோமோஸ் (ஓட்டம்), ஃபோரேசிஸ் (சுமத்தல்) இல்லாமல் டிஸ்கினீசியா, சிண்ட்ரோம், எலக்ட்ரோஃபோரேசிஸ் எப்படிப் பிரியும்? சிண்ட்ரோம் என்றால் சேர்ந்து ஓடுவது. அதை லத்தீனில் போட்டால் கன்கரன்ஸ். இணை வைத்தால் இரண்டும் நிற்கும்.

#12 மருதன்

முகில், மருந்தியல் மாணவர்களுக்குச் சரி. பிசியோதெரபி முதலாண்டுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தசை, நரம்பு, அசைவுப் பெயர்கள் பெரும்பாலும் லத்தீன்; நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கம். முதலாண்டு முழுக்க உடற்கூறு. நோயியல் தொடங்கும்போது கிரேக்கத்தை எடுக்கட்டும். ஹைப்பர்டென்ஷன் போல இரண்டும் கலந்த சொல் வந்தால் அந்த இடத்தில் ஒரு வரி போதும்.

தென்றல், மூன்று வகுப்பு என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் வகுப்பில் டூக்கெரே, ஃபெர்ரே இரண்டு மட்டும், அட், அப், எக்ஸ் முன்னொட்டுகளோடு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரக் கோட்டை மாணவரே வரைய வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஃப்ளெக்டெரே, டெண்டெரே, வெர்ட்டெரே. மேசை மீது எலும்புக்கூட்டை வைத்து, சொல்லைக் கேட்டவுடன் மூட்டை அசைத்துக் காட்டுவது. மூன்றாவதில் குர்ரெரே, கிராடி, மொவெரே, கூடவே ‘ரெ’, ‘இன்’ முன்னொட்டுகளின் இரட்டைப் பொருள். புதுச் சொல் பத்து கொடுத்து, அகராதி இல்லாமல் பொருள் ஊகிக்கச் சொல்லுங்கள். ரெட்ரோகிரேட், ப்ரோலாப்ஸ், சர்கம்ஃப்ளெக்ஸ் போன்றவை அதில் இருக்கட்டும்.

#13 தென்றல்

நன்றி ஐயா, இந்த வரிசையிலேயே போகிறேன். ஒன்றே ஒன்று பாக்கி. அப்டக்‌ஷன், அடக்‌ஷன் இரண்டும் வாய்மொழியில் ஒன்றுபோல் கேட்கின்றன. தமிழில் எழுதினாலும் ஒரு ‘ப்’தான் வித்தியாசம். சொல்லச் சொல்ல எழுதும்போது தவறுகிறது.

#14 மருதன்

முன்னொட்டை எழுத்தெழுத்தாக உச்சரிப்பதுதான் பல இடங்களிலும் உள்ள நடைமுறை: ‘ஏ-பி-டக்‌ஷன்’, ‘ஏ-டி-டக்‌ஷன்’. எழுதுபவர் திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். கூடவே பாகையைச் சொல்வது இன்னும் பாதுகாப்பு. இடுப்பில் அப்டக்‌ஷன் இயல்பாக 45 பாகை வரை, அடக்‌ஷன் 30 வரை. பதிவேட்டில் ‘இடுப்பு அடக்‌ஷன் 45’ என்று விழுந்திருந்தால் கேட்டவர் தவறாகக் கேட்டிருக்கிறார் என்று எண்ணே காட்டிக் கொடுக்கும். இடுப்பு மாற்று அறுவை செய்தவருக்கு இது மிக முக்கியம். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவைக்குப் பின் நடுக்கோட்டைத் தாண்டிய அடக்‌ஷன், 90 பாகைக்கு மேற்பட்ட மடக்கல், உள்சுழற்சி மூன்றும் மூட்டை நழுவச் செய்யக்கூடியவை. கால்களுக்கு இடையே தலையணை வைப்பது அப்டக்‌ஷனில் வைத்திருக்கத்தான். அந்த நோயாளியின் படுக்கைக் குறிப்பில் மட்டுமாவது சொல்லோடு ‘கால் வெளிப்பக்கம்’, ‘கால் உள்பக்கம்’ என்று தமிழிலும் எழுதிவிடுங்கள்.